திருகோணமலை உப்புவெளியில் மூன்று நாள் 'ஆய்விலிருந்து கொள்கைக்கு' செயலமர்வு: 18,500 ரூபாவுக்குப் பெறுமதியா?

முதலே சொல்லிவிடுகிறேன், பாதிக் காசுக்குப் பெறுமதி. இரண்டாம் நாளுக்கு மட்டும் தனியாக ரிக்கெற் விற்றால் முழுக் காசையும் கொடுத்துக்கொண்டு திரும்பப் போவேன், முதலாம் நாளுக்கு அவர்கள் எனக்குக் காசு தந்தாலும் போகமாட்டேன்.

நடத்திய நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் கதை அவர்களைப் பற்றியதாகிவிடும். இந்தச் செயலமர்வுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவை, கொழும்பில் நடந்தாலும் யாழ்ப்பாணத்தில் நடந்தாலும் அதே பவர்பொயின்ற்தான். உங்கள் ஊருக்கு ஒன்று வந்தால் எதைப் பார்த்துப் பதிய வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் ஏன் போனேன் என்றால், கரையோரச் சிறு மீனவர்களைப் பற்றி முதுமாணிப் பட்டத்துக்காக 212 பக்க ஆய்வு ஒன்று எழுதினேன். அதில் பாதி திருக்கடலூரிலும் கொட்பே துறைமுகத்திலும் காலை நாலரை மணிக்குப் போய் நின்று கேட்டு எழுதியது. கடைசி நாள் நன்றி சொல்லப் போனபோது ஒரு அண்ணை கேட்டார், "தங்கச்சி, இதைக் கொண்டுபோய் ஆரிட்டக் குடுப்பீங்கள்?" நூலகத்தில் வைப்பார்கள் என்றேன். "ஓ, நூலகத்தில" என்றார், அவ்வளவுதான். விளம்பரத்தில் 'உங்கள் ஆய்வைச் சர்வதேசக் கொள்கை மேசைக்குக் கொண்டு செல்லுங்கள்' என்று கண்டதும் அந்த "ஓ" தான் ஞாபகம் வந்தது, பதிந்துவிட்டேன்.

இடம் நல்ல இடம், அதில் குறை சொல்ல ஏலாது. கடலைப் பார்த்த மண்டபம், ஆவணி மாதக் கச்சான் காற்று வெளியே அடித்துக்கொண்டிருக்க உள்ளே ஏசி. பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். பத்து மணிக்கு ரோல்ஸும் பால் ரீயும், மதியம் கணவாய்க் கறியோடு சோறு, மூன்று நாளும் சாப்பாடு மட்டும் ஒரு நாளும் பிழைக்கவில்லை. ஏசிக்கு நேர் கீழே இருக்கும் கதிரைகளை மட்டும் தவிருங்கள், நான் ஒரு சால்வையோடு தப்பினேன்.

சரி, முதலாம் நாள். குத்துவிளக்கு ஏற்ற ஒரு பெரிய அதிகாரியை அழைத்திருந்தார்கள். வந்தார், ஏற்றினார், 'ஆய்வாளர்களும் கொள்கை வகுப்பாளர்களும் கைகோர்க்க வேண்டும்' என்றார், இருபது நிமிடத்தில் வாகனத்தில் ஏறிவிட்டார். மூன்று நாளில் நாங்கள் கண்ட, பதவியில் இருக்கும் ஒரே கொள்கைக்காரர் அவர்தான். பிறகு மாலை வரைக்கும் அம்புக்குறிகள். இடது பக்கப் பெட்டியில் 'ஆய்வு', வலது பக்கப் பெட்டியில் 'கொள்கை', நடுவில் ஒரு நீல அம்பு. அடுத்த படத்தில் அதே அம்பு வட்டமாக. அதற்கடுத்ததில் இரண்டு பக்கமும் கூர்.

அம்புக்கு உதாரணமாக ஓசோன் கதையைச் சொன்னார்கள். 1974இல் மொலினாவும் ரோலண்டும் குளிர்சாதனப் பெட்டி வாயுக்கள் ஓசோனைத் தின்னும் என்று எழுதினார்கள், 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது, 1995இல் நோபல் பரிசும் வந்தது, பார்த்தீர்களா ஆய்வு எப்படிக் கொள்கையாகிறது என்று. கதை உண்மைதான். ஆனால் அந்த 1974க்கும் 1987க்கும் நடுவில் பதின்மூன்று வருடம் இருக்கிறதே, அதில் என்ன நடந்தது? கம்பனிகள் எதிர்த்தன, 1985இல் வியன்னா மாநாட்டில் நாடுகள் எந்த அளவும் குறிக்காமல் ஒரு பொது உடன்படிக்கைக்கு மட்டும் வந்தன, அதே வருடம்தான் பிரித்தானிய ஆய்வாளர்கள் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் அவ்வளவு குறைந்திருப்பதை அளந்து வெளியிட்டார்கள். யார் யாரிடம் போனார்கள், எந்தக் கூட்டத்துக்கு எதைக் கொண்டு போனார்கள் என்பதைப் படிக்கத்தானே நாங்கள் காசு கட்டினோம். அதை அம்புக்குள் அடைத்துவிட்டு ரீ குடிக்கப் போய்விட்டார்கள்.

இன்னொரு கோபமும் இருக்கிறது. திருகோணமலையில் வைத்துக்கொண்டு திருகோணமலை உதாரணம் ஒன்றுகூட இல்லை. மண்டபத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் அந்தக் குதங்களைப் பற்றியும் இந்தத் துறைமுகத்தைப் பற்றியும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. அதிலிருந்து 2022 ஜனவரியில் 14 இந்தியன் ஒயிலுக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டுக் கம்பனிக்கு என்று பிரிக்கும்வரை முப்பத்தைந்து வருடம். இதற்கு எத்தனை ஆய்வு, எத்தனை அறிக்கை வந்திருக்கும், அதில் எது யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று ஒரு மணித்தியாலம் கதைத்திருக்கலாம். கேட்டேன். 'அது அரசியல், நாங்கள் செயல்முறையைப் பார்க்கிறோம்' என்றார் வளவாளர்.

இரண்டாம் நாள் வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஐயா, சர்வதேசக் கூட்டங்களில் நாட்டுக்காக வருடக்கணக்காக இருந்தவர். கையில் மடிகணினி இல்லை, ஒரு பென்சில் பெட்டியும் மஞ்சள் கடதாசிக் கட்டும் மட்டும். யன்னல் திரையை இழுத்துவிட்டுக் கடலைக் காட்டினார். "கோணேசர் மலையில நிண்டு பாத்தா தெரியிற கடல் இதுதானே. இதுக்கு அடியில என்ன கிடக்கு?" ஒருவர் மீன் என்றார், இன்னொருவர் கப்பல் என்றார், சிரித்தோம். "மண்" என்றார். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து கோடிக்கணக்கான வருடமாக அரித்துக்கொண்டு வந்து கொட்டிய மண், வங்காள விரிகுடா முழுக்கப் படிந்து இலங்கைக்குத் தெற்குப் பக்கம் வரைக்கும் கிடக்கிறது.

பிறகு விளங்கப்படுத்தினார். கடல் சட்ட மாநாட்டில் ஒரு நாட்டின் கண்டத்திட்டு, அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் தரையில் அந்த நாட்டுக்கு உரிய பகுதி, எதுவரை என்பதற்கு ஒரு பொது விதி எழுதினார்கள், இன்றைய 76ஆம் உறுப்புரை. அந்தத் தரை ஆழ்கடலுக்குச் சரிந்து இறங்கும் கண்டச்சரிவின் அடியிலிருந்து 60 கடல் மைல் என்பது ஒரு வழி, படிந்த மண்ணின் தடிப்பு அந்த அடிக்கு இருக்கும் தூரத்தில் குறைந்தது நூற்றுக்கு ஒரு பங்காக இருக்கும் இடம்வரை என்பது இன்னொரு வழி. மற்ற நாடுகளுக்கு இது சரி. வங்காள விரிகுடாவின் தெற்கில் இந்த விதியைப் போட்டால் மண் கிடக்கும் விளிம்பில் பாதிக்கு மேல் கோட்டுக்கு வெளியே போய்விடும். புவியியல் ஆய்வுகள் இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது. மாநாட்டின் தலைவராக 1973இலிருந்து இருந்தவரும் நம் நாட்டவர்தான், ஷேர்லி அமரசிங்க, 1980 டிசம்பரில் காலமாகும்வரை. அந்த வருடம் ஓகஸ்ட் 29ஆம் திகதி ஒரு தனிப் புரிந்துணர்வுக் கூற்றை மாநாடு ஏற்றுக்கொண்டது. அந்தப் பகுதியில் படிவின் தடிப்பு ஒரு கிலோமீற்றருக்குக் குறையாத இடம்வரை கோடு கீறலாம். 1982இல் மொன்ரேகோ பேயில் கையெழுத்தான இறுதி ஆவணத்தின் இரண்டாம் இணைப்பாக அது இருக்கிறது. அதை வைத்துத்தான் இலங்கை 2009 மே 8ஆம் திகதி ஐநா ஆணைக்குழுவிடம் தன் கோரிக்கையைக் கொடுத்தது.

"பிள்ளையள், அந்தக் கூற்றில இருந்து உங்களுக்கு வேண்டியது ஒரு எண்தான். ஒரு கிலோமீற்றர். ஆய்வுக்காரன் ஆயிரம் பக்கம் எழுதியிருப்பான், மேசைக்கு வந்தது அந்த எண்." நான் அதைக் கொப்பியில் எழுதி இரண்டு தரம் கீழே கோடிட்டேன். மூன்று நாளில் கோடிட்ட ஒரே வசனம்.

அப்புறம் சதுர அடைப்புக்குறி. எனக்கு இது முழுக்கப் புதிது. பேச்சுவார்த்தை வரைவில் நாடுகள் ஒத்துக்கொள்ளாத சொல் ஒவ்வொன்றும் சதுர அடைப்புக்குள் இருக்குமாம், வரைவு முழுக்கப் பெட்டி பெட்டியாக. ஒரு பந்தியைத் தந்து எங்களை இரண்டு கட்சியாகப் பிரித்து நாற்பது நிமிடத்தில் அடைப்பைக் கழற்றச் சொன்னார். ஆங்கிலத்தில் 'ஷல்' என்று ஒரு கட்சி, 'ஷுட்' என்று மற்றக் கட்சி, தமிழில் சொன்னால் 'வேண்டும்' என்பதற்கும் 'செய்வது நல்லது' என்பதற்கும் இடைப்பட்ட சண்டை. கழற்றவே முடியவில்லை. சண்டையின் நடுவில்தான் விளங்கியது, இந்த இடத்தில் இருப்பவருக்கு என் 212 பக்கம் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. 'வேண்டும்' என்பதைப் பிடித்து நிறுத்த அவருக்குக் கையில் ஒரு நல்ல எண்ணும் அதை எங்கே எடுத்தது என்று சொல்ல ஒரு வரியும் தேவை, அதுவும் கூட்டத்துக்கு முதல் நாள் இரவு.

1995 நவம்பரில் மட்ரிட்டில் நடந்ததையும் சொன்னார். அரசாங்கங்களுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழுவின் (ஐபிசிசி) அறிக்கைச் சுருக்கத்தை அரசாங்கங்கள் வரிவரியாக ஒத்துக்கொண்டால்தான் அது வெளிவரும். மனிதரின் தாக்கம் காலநிலையில் தெரிகிறது என்ற ஒரு வசனத்தில் எந்தப் பெயரடை போடுவது என்று இழுபறி, சில எண்ணெய் நாடுகளுக்கு அந்த வசனமே பிடிக்கவில்லை, கடைசியில் 'கண்டறியத்தக்க' என்ற பொருளில் ஒரு சொல் நின்றது. அந்தச் சொல்லுக்காக எத்தனை பேர் எத்தனை வருடம் தரவைப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே சோறு சாப்பிட்டேன், கணவாய் ஆறிவிட்டது.

மதியம் சூரை மீன் நாடகம். இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது, 1996இலிருந்து, தலைமையகம் சீஷெல்ஸில். விஞ்ஞானக் குழு வருடக் கடைசியில் கூடி மீன் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும், அடுத்த வருடம் நாடுகள் கூடி என்ன செய்வது என்று தீர்மானிக்கும், பிடிக்காத நாடு 120 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் அந்தத் தீர்மானம் அதைக் கட்டுப்படுத்தாது. இந்த மூன்று விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே நம்மூர் ஆய்வாளர் தன் கட்டுரையை எந்த மாதம் அனுப்ப வேண்டும் என்று விளங்கிவிடும், ஆனால் கையேட்டில் இது இல்லை, ஐயா வாயால் சொன்னது.

அந்த ஆணைக்குழுக் கூட்டத்தை நடித்துப் பார்க்க எங்களுக்கு நாடு பிரித்தார்கள். திருக்கடலூர்ப் பக்கத்து மீனவர் சங்கச் செயலாளர் ஒரு அண்ணை வந்திருந்தார், அவருக்கு விழுந்த சீட்டு ஐரோப்பிய ஒன்றியம். பார்க்க வேண்டுமே. 2015 ஜனவரியில் ஐரோப்பா இலங்கை மீனுக்குக் கதவைச் சாத்தியது, சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று சொல்லி, 2016 ஜூனில்தான் திறந்தது. அப்போது விலை விழுந்து அடிவாங்கின மனிதர், இப்போது கதிரையை நகர்த்திப் போட்டுக்கொண்டு இலங்கைச் சீட்டு விழுந்த பெடியனிடம், "உங்கட பலநாள் படகுகள் எங்க நிக்குது எண்டு காட்டுற கருவி எங்க? அதைப் பூட்டிப்போட்டு வந்து கதையுங்கோ" என்று வெருட்டுகிறார். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் முழுதாக இல்லை.

நாடகம் முடிந்ததும் அவர் கேட்ட கேள்விதான் இந்தச் செயலமர்வின் உச்சம். கெலவல்லா என்று சந்தையில் சொல்லும் மஞ்சள் செட்டைச் சூரை, 2015 மதிப்பீட்டில் அளவுக்கு மிஞ்சிப் பிடிபட்டுவிட்டது என்றார்கள், கட்டுப்பாடு வந்தது. 2024 மதிப்பீட்டில் அப்படி இல்லை, நிலைமை பரவாயில்லை என்றார்கள். "அப்ப இடையில பிடிக்காம விட்ட மீனுக்கு ஆர் கணக்கு?" வளவாளர் மாதிரியுருவம் புதுப்பிக்கப்பட்டது, தரவு திருத்தப்பட்டது என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். ஐயா குறுக்கே வந்து, "அண்டைக்குத் தெரிஞ்சதை அண்டைக்குச் சொன்னவை. ஆனா எவ்வளவு நிச்சயமில்லாமச் சொன்னவை எண்டதை உங்களிட்ட ஒருத்தரும் சொல்லேல்ல, அதுதான் பிழை" என்றார். இதிலிருந்து ஒரு முழுநாள் நடத்தியிருக்கலாம். நிச்சயமின்மையை இரண்டு பக்கத்தில் எப்படி எழுதுவது, அதைக் கீழே கடற்கரைக்கு எப்படிச் சொல்வது. மணி நாலரை ஆகிவிட்டது, ரீ வந்துவிட்டது.

மூன்றாம் நாள் எழுத்து. அவரவர் ஆய்வை இரண்டு பக்கக் கொள்கைச் சுருக்கமாக்க வேண்டும். என் முதல் வசனம் இப்படித் தொடங்கியது: 'திருகோணமலை மாவட்டக் கரையோரச் சமூகங்களின் வாழ்வாதாரப் பாதிப்புறுநிலையானது பல்பரிமாணத் தன்மை கொண்டதாகக் காணப்படுகின்றது.' ஐயா முந்தின நாளே போயிருக்க வேண்டியவர், பஸ் தவறிவிட்டதால் நின்றார், நம் அதிர்ஷ்டம். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, உங்கட எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா திங்கக்கிழமை காலமை எந்தக் கந்தோரில எந்த மேசைக்காரர் என்ன செய்யோணும் எண்டு இதில இல்லையே." ஒரு மணித்தியாலம் கழித்து வந்தது: 'சட்டவிரோத வலைகளைப் பிடிக்கும் ரோந்துப் படகு மாலை ஆறு மணிக்குப் பிறகு ஓடுவதில்லை என்று நான் கேட்ட மீனவர்கள் சொன்னார்கள், சுருக்குவலை இறங்குவதோ எட்டு மணிக்கு மேல்தான்.' இந்த இரண்டு விஷயமும் என் ஆய்வின் 143ஆம் பக்கத்தில் ஒரு அட்டவணைக்குக் கீழே கிடந்தவை. நானே மறந்துவிட்டேன்.

இனிக் குறைகள், வேகமாக. கையேடு முழுக்க ஆங்கிலம், முப்பது பேரில் இருபத்தைந்து பேர் தமிழில் யோசிப்பவர்கள். சுருக்கத்தையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றார்கள். சர்வதேச மேசைக்கு ஆங்கிலம், சரி. ஆனால் கச்சேரிக்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும் சங்கத்துக்கும் எந்த மொழி? கேட்ட சங்கச் செயலாளர் அண்ணைக்குக் கிடைத்த பதில், 'மொழிபெயர்ப்பு இரண்டாம் கட்டம்'. இரண்டாம் கட்டத்துக்கு வேறு கட்டணமாம். சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை, திருத்தித் தர மூன்று கிழமை. மூன்று மாதம் வழிகாட்டி ஒருவர் மின்னஞ்சலில் கூட இருப்பார் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், ஒரு தரம் பதில் வந்தது, 'நன்றாக இருக்கிறது, தொடருங்கள்' என்று. வட்ஸ்அப் குழுவில் இப்போது காலை வணக்கப் படங்கள் மட்டும் வருகின்றன.

யார் போகலாம் என்றால், ஆய்வை முடித்துவிட்டு அதை என்ன செய்வது என்று முழிப்பவர்கள் போகலாம். தரவு இன்னும் சேர்க்காதவர்களுக்கு வீண்செலவு, சுருக்குவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. பதிய முதல் தொலைபேசி எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: உண்மையான பேச்சுவார்த்தையில் இருந்த ஆள் யாராவது வருகிறாரா, எழுதிய வரைவை ஆள் இருந்து வாசித்துத் திருத்துவாரா, தமிழ்ப் பிரதிக்கு இடம் உண்டா. முதல் கேள்விக்கு அவர்கள் தடுமாறினால் போனை வைத்துவிடுங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் இரண்டு ஐயாவுக்கு, ஒன்று கணவாய்க்கு.

அந்த இரண்டு பக்கத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஆங்கிலப் பிரதி அவர்கள் சொன்ன முகவரிக்குப் போயிற்று. நானாகவே தமிழில் ஒரு பக்கமாக எழுதி, பெரிய எழுத்தில் அச்சடித்துச் செயலாளர் அண்ணையிடம் கொடுத்தேன், சங்கக் கட்டடத்தின் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், வலையின் கண்ணி அளவை நான் இரண்டரை அங்குலம் என்று எழுதியிருந்த இடத்தை நீலப் பேனாவால் வெட்டி மூன்றரை என்று யாரோ திருத்தியிருந்தார்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு. வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினேன், அவர்கள் சரி. 212 பக்கத்திலும் அந்தப் பிழை இருந்திருக்கிறது, பரீட்சகர் இரண்டு பேரும் கண்டுபிடிக்கவில்லை. ஆங்கிலப் பிரதியைத் திருத்தி வழிகாட்டிக்கு அனுப்பி ஆறு கிழமை ஆகிறது, இன்னும் பதில் இல்லை.